ஜலதோஷத்திற்குத் துத்தநாகம் மருந்தாகுமா?

'மருந்து உண்டால் ஏழு நாள், உண்ணாவிடில் ஒரு வாரம்' என்று ஜலதோஷத்தைப் பற்றி வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இருநூறுக்கும் மேற்பட்ட வைரஸ் வகைகள் இந்நோயை உண்டாக்குகின்றன. அவை அனைத்தையும் ஒருசேர வெல்லும் மருந்து இன்றுவரை அமையவில்லை. இந்நிலையில், துத்தநாக மாத்திரை ஜலதோஷத்தின் நாள்களைக் குறைக்கும் என்று பலர் நம்புகின்றனர். இந்நம்பிக்கை எங்ஙனம் பிறந்தது? இதில் உண்மை எவ்வளவு?

ஒரு தந்தையின் ஆராய்ச்சி

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஜார்ஜ் ஈபி என்பவரின் மூன்று வயது மகள் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்தாள். 1979-இல் அவளுக்கு ஜலதோஷம் கண்டது. சத்துக்காகக் கொடுத்த துத்தநாக மாத்திரையை விழுங்க மறுத்த குழந்தை, அதை வாயிலிட்டுச் சப்பினாள். சில மணி நேரத்தில் ஜலதோஷம் மறைந்தது. வியப்புற்ற தந்தை இதனை ஆராய முற்பட்டார்.

அவரும் உடன் ஆய்வாளரும் 1984-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, துத்தநாக மாத்திரையைச் சப்பியவர்களில் 86 சதவீதத்தினர் ஏழு நாள்களில் குணமடைந்தனர். மருந்தற்ற போலி மாத்திரை பெற்றவர்களில் 46 சதவீதத்தினரே குணம் கண்டனர். ஆயினும் துத்தநாகத்தின் சுவை தனித்தன்மை உடையது. எனவே தாம் பெற்றது மருந்தே எனச் சிலர் ஊகித்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது.

முரண்படும் முடிவுகள்

1996-இல் கிளீவ்லாந்து நகரில் 100 பேரிடம் நடந்த சோதனையில், துத்தநாகம் பெற்றோர் சுமார் 4.4 நாள்களிலும், மற்றோர் 7.6 நாள்களிலும் தேறினர். ஆனால் மருந்துண்டோரில் ஐவரில் ஒருவருக்குக் குமட்டல் கண்டது. 1998-இல் அதே பகுதிப் பள்ளிப் பிள்ளைகள் 249 பேரிடம் சோதித்தபோதோ, எவ்விதப் பயனும் தென்படவில்லை.

2024-இல் காக்ரேன் அமைப்பு 34 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. துத்தநாகம் ஜலதோஷம் வராமல் தடுப்பதாகத் தெரியவில்லை. வந்தபின் உட்கொண்டால் ஏறத்தாழ இரண்டு நாள்கள் குறையலாம். எனினும் அதற்கான சான்று வலுவானதன்று என்பதே அதன் தீர்ப்பு.

மூக்கில் இடுவது ஆபத்து

வாயில் சப்புவது ஒருபுறம் இருக்க, மூக்கினுள் இடுவது முற்றிலும் விலக்கத்தக்கது. 1937-இல் கனடாவின் டொரன்டோ நகரில், இளம்பிள்ளை வாதத்தைத் தடுக்கக் கருதி ஏறத்தாழ 5,000 குழந்தைகளின் மூக்கில் துத்தநாகக் கரைசல் தெளிக்கப்பட்டது. நோய் தடைப்படவில்லை, சிலர் முகரும் ஆற்றலை இழந்ததே கண்ட பலன். இப்பாடம் மறக்கப்பட்டது போலும்! பிற்காலத்தில் ஜலதோஷத்திற்கென 'ஸைகாம்' என்ற மூக்குக் களிம்பு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதைப் பயன்படுத்தி வாசனை உணர்வை இழந்ததாக 130-க்கும் மேற்பட்ட முறையீடுகள் வரவே, அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2009-இல் எச்சரித்தது.

வாசனை உணர்வை இழந்தவர் மலரின் மணத்தை மட்டுமா இழக்கிறார்? அடுப்படியில் எரிவாயு கசிவதையும் உணவு கெட்டிருப்பதையும் அவர் அறியார். ஒரு வாரத்துத் தும்மலுக்காக வாழ்நாள் இழப்பை ஏற்பது தகுமோ?

இல்லத்தாருக்கு

துத்தநாகம் பயனற்ற பொருளன்று. குழந்தைகளின் வயிற்றுப்போக்கிற்கு உப்பு–சர்க்கரைக் கரைசலுடன் 10 முதல் 14 நாள்கள் துத்தநாகம் கொடுக்குமாறு உலக சுகாதார நிறுவனமே 2004-இல் பரிந்துரைத்தது. ஆனால் அளவு மீறி நெடுநாள் உண்டால் உடலில் செம்புச் சத்துக் குறைந்து, இரத்தசோகையும் நரம்புத் தளர்ச்சியும் நேரலாம். எனவே மருத்துவரைக் கேளாமல், சிறப்பாகக் குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்க்கும், இதனைக் கொடுத்தல் ஆகாது.

ஓய்வும் வெந்நீரும் சூடான கஞ்சியுமே ஜலதோஷக்காரருக்கு உற்ற துணை. மூச்சுத்திணறலோ, குறையாத காய்ச்சலோ கண்டால் மருத்துவரை நாடுக. மற்றபடி பொறுமையோடு சில நாள் காத்திருப்போர்க்கு ஜலதோஷம் தானே விடைபெறும்.