கரண்ட் போனாலும் திறக்காத மூடி

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் இலங்கை முழுக்கக் கரண்ட் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் புகுந்த குரங்குதான் காரணம் என்றார் மின்சக்தி அமைச்சர். குரங்குப் பகிடிகள் ஓய்ந்துவிட்டன. ஆனால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ குருதி சோதிக்கும் ஆய்வுகூடங்களில் ஒவ்வொரு மின்தடைக்கும் எழுகிற எரிச்சல் ஓயவில்லை: மாதிரி உள்ளே, ஆள் வெளியே, மாதிரிகளை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் மையநீக்கியின் மூடி மட்டும் திறக்க மறுக்கிறது. கரண்டே இல்லாதபோது அதை யார் பூட்டி வைத்திருக்கிறார்கள்?

ஒரு சுருள்வில். பல இயந்திரங்களில் தாழ்ப்பாளை வில் தள்ளிப் பிடித்திருக்கும். மின்காந்தம் அதைப் பின்னுக்கு இழுத்தால்தான் மூடி விடுபடும். பூட்டியிருக்கக் கரண்ட் தேவையில்லை, திறக்கத்தான் தேவை. இதை மறுபக்கமாக அமைத்திருந்தால் என்னாகும்? மாதிரிக் குழாய்களைச் சுமந்து சுற்றும் 15 சென்ரிமீற்றர் ஆரையுள்ள சுழலி நிமிடத்துக்கு 4,000 தரம் சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 225 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. கரண்ட் போனால் மோட்டரோடு மின்பிரேக்கும் போய்விடும். இரைச்சல் அடங்கும், சுழற்சி அடங்காது. நின்றுவிட்டதென்று நம்பிக் கை நீளுவது அப்போதுதான்.

ஆய்வுகூட மையநீக்கிகளுக்கான சர்வதேச நியமம் ஐ.ஈ.சி. 61010-2-020. சுழலியின் விளிம்பு வேகம் விநாடிக்கு 2 மீற்றருக்கு இறங்கும்வரை மூடி பூட்டியே இருக்க வேண்டும் என்கிறது அது. மின்தடையிலும் பூட்டு விடக்கூடாது. பிறகு திறக்க ஒரு கருவி வேண்டும்.

வீட்டுப் பிரஷர் குக்கரும் இந்தச் சாதிதான். அடுப்பை அணைத்தாலும் ஆவி இறங்காமல் மூடி அசையாது. பொறுமையில்லாத மாமி அகப்பைக் காம்பால் விசிலைத் தூக்குவார். மையநீக்கியில் அந்தக் காம்புக்குப் பதில், துளைக்குள் நுழைத்துப் பூட்டை விடுவிக்கும் ஒரு சின்னக் கம்பி. குக்கர் சீறி எச்சரிக்கும், இது சீறாது. குக்கர் பிழைத்தால் கூரையில் பருப்பு. இது பிழைத்தால் யாரோ ஒரு நோயாளியின் சளி. உவமையை இத்தோடு இறக்கி வைப்போம்.

வரலாறு கேட்பவர்களுக்கு ஒரே ஒரு சம்பவம். 1998 டிசம்பர் 16, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகம். பால் மாதிரிகளைச் சுழற்றிக்கொண்டிருந்த அதிவேக மையநீக்கியின் சுழலி உடைந்தது. மேலிருந்த அரை அங்குல உருக்குக் கதவு வளைந்து, துண்டுகள் சுவரையும் கூரையையும் துளைத்தன. ஆளுக்குச் சேதமில்லை. மூடியென்றால் எதையும் தாங்கும் என்று நினைப்பவர்கள் அந்தக் கதவை நினைத்துக்கொள்ளலாம்.

ஆகவே தொடுதிரை, ‘ஸ்மார்ட்’ மூடி என்று விளம்பரத்தாள் மினுங்கினால் மினுங்கட்டும். வாங்குபவர் கேட்க வேண்டியது, கரண்ட் இல்லாதபோது திறக்கும் துளை எங்கே, அதற்கான கம்பி பெட்டிக்குள் இருக்கிறதா என்பதுதான். கம்பியை நுழைக்குமுன் மூடியிலுள்ள சிறு கண்ணாடி வழியே சுழலி நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். உள்ளே குழாய் உடைந்த சந்தேகமிருந்தால் அரை மணி நேரம் மூடியைத் தொடவே கூடாது. காற்றில் மிதக்கும் நுண்துளிகள் படிய அவ்வளவு நேரம் வேண்டும்.