பழைய கணக்கில் பங்கிடப்படும் தானியம்

புது தில்லி: இந்திய உணவுக் கழகக் கிடங்குகளில் 5 கோடி டன்னுக்கும் அதிகமான தானியம் தேங்கிக் கிடந்த 2001-இல், வறட்சி பாதித்த ராஜஸ்தானில் மக்கள் பட்டினியால் வாடினர். மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு பிறந்தது. தமிழகத்துக்கு அது புதிதல்ல.

பின்னர், 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. கிராமப்புறங்களில் 75 சதவீதம், நகர்ப்புறங்களில் 50 சதவீதம் என ஏறத்தாழ 81 கோடிப் பேர் அதன் வரம்புக்குள் வந்தனர். பெரும்பாலோருக்கு மாதம் தலா 5 கிலோ; 2023 ஜனவரி முதல் இலவசம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இந்த 81 கோடி என்பது 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி வகுத்தது. அதன்பின் மக்கள்தொகை பெருகியும் ஒதுக்கீடு பெருகவில்லை. ஒரு மாநிலத்தின் ஒதுக்கீடு நிரம்பிவிட்டால், எவ்வளவு ஏழையானாலும் புதியவருக்கு இடமில்லை. பட்டியலில் இருப்பவர் இறக்க வேண்டும், அல்லது நீக்கப்பட வேண்டும். இவ்வாறு விடுபட்டோர் 10 கோடிக்கும் அதிகம் என்று பொருளாதார அறிஞர்கள் ழான் திரேஸ், ரீத்திகா கேரா 2020-இல் மதிப்பிட்டனர்.

அவ்வாண்டு பொதுமுடக்கத்தின்போது, அட்டை இல்லாத சுமார் 8 கோடிப் புலம்பெயர் தொழிலாளர்களுக்கு 2 மாதத் தானியம் வழங்குவதாக மத்திய அரசு அறிவித்தது. சட்டத்தின் ஓட்டையை அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் அதைக் கொள்ள வேண்டும்.

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்புக்கு 2025 ஜூனில்தான் அறிவிக்கை வெளியானது. அடிப்படை நாள் 2027 மார்ச் 1. புதிய கணக்கு வந்த பிறகே ஒதுக்கீடு மாறும் என்பதே நாடாளுமன்றத்தில் அரசு அளித்துவந்த பதில்.