மென்நெகிழி இரைகளுக்கான இலகு எடைகள்

மென்நெகிழி இரைகளுக்கான இலகு எடைகள் என்பவை, பாஸ் மீன்களைத் தூண்டிலில் பிடிக்கும்போது மென்மையான நெகிழியால் ஆன செயற்கை இரைகளை நீரில் மெதுவாக இறக்கப் பயன்படும் சிறிய உலோகக் குண்டுகள் ஆகும். பொதுவாக 1/8 அவுன்சு (ஏறத்தாழ 3.5 கிராம்) அல்லது அதற்கும் குறைவான குண்டுகள் இவ்வகையில் அடங்கும். வட அமெரிக்க நன்னீர்நிலைகளைத் தாயகமாகக் கொண்ட பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ் ஆகிய மீன்களைப் பிடிப்பதில் இவை பரவலாகப் பயன்படுகின்றன. இரையை வேண்டிய ஆழத்திற்குக் கொண்டுசெல்லப் போதுமான மிகக் குறைந்த எடையைத் தெரிவு செய்வதே இதன் அடிப்படை விதியாகும்.

வரலாறு

1949 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலம், ஆக்ரன் நகரைச் சேர்ந்த நிக் கிரீம் என்பவர் வினைல் நெகிழியை அச்சில் வார்த்து மண்புழு வடிவ இரையை உருவாக்கினார். பின்னர், துப்பாக்கிக் குண்டு வடிவ எடையை இரைக்கு முன்னால் நரம்பில் கோர்க்கும் டெக்சாஸ் முறை பரவியது. 1990களில் அறிமுகமான, கேரி யமமோட்டோ வடிவமைத்த சென்கோ என்னும் இரை, நெகிழியுடன் உப்புக் கலந்து செய்யப்பட்டதால் குண்டு இன்றியே மூழ்கியது. கன்சாசு மாநில எழுத்தாளர் நெட் கெடியின் பெயரால் வழங்கும் நெட் முறையில், சிறிய நெகிழி இரையுடன் பெரும்பாலும் 1/16 அவுன்சு எடையுள்ள தலைக்குண்டு முள் பயன்படுகிறது.

மெதுவாக இறங்குவதன் பயன்

நீரில் இறங்கும் பொருளின் வேகம், அதன் எடையும் நீரின் எதிர்ப்பும் சமமாகும் நிலையில் மாறாததாகிறது. இந்த எதிர்ப்பு ஏறத்தாழ வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. எனவே வடிவம் மாறாதிருக்க, எடையை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். நெகிழியின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு அருகில் இருப்பதால், இரை இறங்கும் வேகத்தைப் பெரும்பாலும் குண்டே தீர்மானிக்கிறது.

பாஸ் சூழலின் வெப்பநிலைக்கு ஏற்ப உடல் வெப்பநிலை மாறும் உயிரினமாகும். குளிர்ந்த நீரில் அதன் செயற்பாடு குறைவதால், விரைந்து விழும் இரையை அது துரத்துவதில்லை. மெதுவாக விழும் இரை அதன் கண்முன் நீண்ட நேரம் இருக்கிறது. மேலும் பாஸ் வாயைத் திடீரென விரித்து, நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சுகிறது. இலகுவான இரை அந்நீரோட்டத்தில் எளிதாக உள்ளே செல்கிறது. நீர்க்களைகள் நிறைந்த இடத்தில் அது களைகளுக்குள் புதையாமல் மேலே தங்குவதும் ஒரு நன்மை.

எடையைத் தெரிவு செய்தல்

காற்றும் நீரோட்டமும் குறைவாக உள்ளபோது பின்வருவன பொதுவான வழிகாட்டிகளாகும்.

* குண்டு இன்றி: சுமார் 1.5 மீட்டர் வரையான ஆழம், களைகளின் மேற்பரப்பு.
* 1/32 அவுன்சு (0.9 கிராம்): தெளிந்த, ஆழமற்ற நீர், சிறிய இரைகள்.
* 1/16 அவுன்சு (1.8 கிராம்): சுமார் 3 மீட்டர் வரையான ஆழம்.
* 1/8 அவுன்சு (3.5 கிராம்): சுமார் 5 மீட்டர் வரையான ஆழம், இலேசான காற்று.

காற்று பலமாக வீசினால் நரம்பு வில்போல் வளைந்து இரையை இழுத்துச் செல்லும். அப்போது ஒரு படி கூடிய எடை தேவைப்படும். நரம்பின் தடிமனும் முக்கியமானது. தடித்த நரம்பு நீரின் எதிர்ப்பைக் கூட்டி, சிறிய குண்டின் பயனைக் குறைத்துவிடும். புளோரோகார்பன் நரம்பு நீரில் மூழ்கும். பின்னிய பாலியெத்திலீன் நரம்பு மிதக்கும்.

கருவிகளும் குறைபாடுகளும்

சுழலும் உருளை கொண்ட ரீலில், எறியப்படும் இரையே உருளையைச் சுழற்ற வேண்டும். இலகுவான இரைக்கு அது கடினம். ஆகவே உருளை சுழலாது நரம்பு தானே அவிழும் ஸ்பின்னிங் ரீலும் மெல்லிய தூண்டிற்கோலும் விரும்பப்படுகின்றன. இரை இறங்கும்போது நரம்பைச் சற்றுத் தளர்த்த வேண்டும். இறுக்கினால் அது நேராக இறங்காமல் ஊசல்போல் எறிந்தவரை நோக்கி வரும்.

தளர்ந்த நரம்பில் மீன் கடிப்பது கைக்குத் தெரிவதில்லை. நரம்பு பக்கவாட்டில் நகர்வதைக் கண்ணால் கவனிக்க வேண்டும். கவனிக்கத் தவறினால் மீன் முள்ளை ஆழமாக விழுங்கிவிடும். அவ்வாறான மீனைத் திரும்ப நீரில் விட்டாலும் அது இறக்கும் வாய்ப்பு அதிகம்.

ஈயமும் சுற்றுச்சூழலும்

குண்டுகள் மரபாக ஈயத்தால் செய்யப்பட்டன. தொலைந்த சிறிய குண்டுகளை நீர்ப்பறவைகள் கூழாங்கல் என விழுங்குகின்றன. அரைவைப்பையில் அவை தேய்ந்து கரைவதால் ஈய நஞ்சேற்றம் உண்டாகிறது. ஒரு லூன் பறவையைக் கொல்ல ஒரு சிறு குண்டே போதுமானது. அன்னங்களின் இறப்பைத் தொடர்ந்து, பிரித்தானியாவில் 0.06 முதல் 28.35 கிராம் வரையான ஈயக் குண்டுகளின் விற்பனை 1987 இல் தடைசெய்யப்பட்டது. இலகு எடைகள் யாவும் இவ்வரம்பினுள்ளேயே அடங்குகின்றன. அமெரிக்காவில் நியூ ஆம்சயர் உள்ளிட்ட சில மாநிலங்களிலும் சிறிய ஈயக் குண்டுகளுக்குத் தடை உள்ளது.

ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம். மாற்றாகப் பயன்படும் டங்சுதனின் அடர்த்தி 19.3 கிராம். அதன் குண்டு சிறியது. கடினமானதால் அடித்தளத்தின் தன்மையை நன்கு உணர்த்தும். ஆனால் விலை அதிகம். வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3 கிராம் மட்டுமே. ஆயினும் 1/16 அவுன்சு வெள்ளீயக் குண்டின் பருமன் கால் கன சென்டிமீட்டருக்கும் குறைவு. அது ஈயத்தைவிடச் சற்று மெதுவாகவே இறங்கும். மெதுவாக இறங்குவதே நோக்கமாதலால், இலகு எடைகளைப் பொறுத்தவரை ஈயத்தைக் கைவிடுவதால் பெரிய இழப்பு ஏதுமில்லை.