நொடிகளின் கொள்கலன்

சவ்வாது மலையிலுள்ள காவலூர் வான் ஆய்வகத்தில், 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் கோளை ஒட்டித் தெரிந்த விண்மீனின் ஒளி சற்றே மங்கியது பதிவாயிற்று. பிற இடங்களிலும் ஒளி மங்கிய நேரங்களோடு ஒப்பிட்டபோது, கோளின் வளையங்களே அதற்குக் காரணம் என்பது தெளிவாயிற்று. நேரம் பிழைபட்டால் இத்தகைய சான்றுகள் பயனற்றுப் போகும்.

இன்று நேரக்குறிப்பைக் கணினிகளே இடுகின்றன. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் 1970 சனவரி 1 முதல் கழிந்த நொடிகளை எண்ணுகின்றன. குறியுடன் கூடிய 32 பிட் இடம் 2,14,74,83,647 நொடிகளையே கொள்ளும். இந்திய நேரப்படி 2038 சனவரி 19 காலை 8:44:07 மணிக்கு அவ்வெல்லை எட்டப்படும். அடுத்த நொடியில் எண் எதிர்க்குறி பெற்று, 1901ஆம் ஆண்டைக் காட்டும்.

இதனைத் தவிர்க்க, இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலில் நேரத்தைத் தாங்கும் தரவுக் கட்டமைப்புகள் 64 பிட்டாக விரிவாக்கப்படுகின்றன. லினக்ஸ் கெர்னலில் இப்பணி 2020இல் வெளிவந்த 5.6 பதிப்பில் பெரிதும் நிறைவுற்றது. எனினும், வட்டில் கோப்பின் நேரம் 32 பிட்டாகவே எழுதப்படின் குறை நீங்காது. கோப்பமைப்பும் பயன்பாட்டு நிரல்களும் உடன் மாறுதல் வேண்டும். நீண்டகாலம் உழைக்கும் கருவிகளுக்கு இம்மாற்றத்தை இன்றே செய்தல் நன்று.