பிடிப்பது அல்ல, உயிரோடு விடுவதுதான் சவால்!

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்குத் தெற்கே, கடலுக்குள் சங்கிலிபோல நீள்கின்றன கீஸ் தீவுகள். அங்கே முழங்கால் அளவுத் தண்ணீரில், கையில் ஒன்பதடி நீளத் தூண்டிலோடு மணிக்கணக்காக நிற்கிறவர்களைப் பார்க்கலாம். அவர்கள் தேடுவது போன்ஃபிஷ் என்ற வெள்ளி நிற மீனை.

குழம்புக்கா என்றால், இல்லை. உடம்பெல்லாம் முள். அதனால்தான் அந்தப் பெயரே! போதாததற்கு, பிடித்த போன்ஃபிஷ்ஷைத் திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும் என்று 2013 முதல் ஃபுளோரிடாவில் சட்டமும் இருக்கிறது. சாப்பிட முடியாத மீனுக்கு எதற்கு இந்தப் பாடு என்று வீட்டில் கேட்கத்தான் செய்வார்கள். தூண்டிலில் மாட்டிய நொடியில் அது எடுக்கும் ஓட்டம்தான் பதில். ஒரே மூச்சில் நூறு மீட்டர் நூலை உருவிக்கொண்டு போய்விடும்.

இந்த மீனுக்கு எந்தத் தூண்டில் சரி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் எடைதான் நூலை இழுத்துக்கொண்டு போகும். 'ஃபிளை ஃபிஷிங்' அப்படியே தலைகீழ். இறால், நண்டு மாதிரி முடியாலும் நூலாலும் கட்டிய பொய் இரைக்கு எடை மிகக் குறைவு; தடித்த நூலுக்குத்தான் எடை. சாட்டையைச் சுழற்றுவதுபோல அந்த நூலை வீச வேண்டும். நூலின் எடையை வைத்தே கழிக்கும் எண் தருகிறார்கள். 5-ம் எண் நூலின் முதல் 30 அடி சுமார் 9 கிராம், 8-ம் எண் என்றால் சுமார் 13.5 கிராம். ஆற்று மீனுக்கு 4, 5, போன்ஃபிஷ்ஷுக்கு 8, ஆளுயரம் வளரும் டார்ப்பனுக்கு 11, 12 என்பது பொதுக்கணக்கு.

ஆனால், 5 அல்லது 6-ம் எண் கழியோடு கடலில் இறங்குகிறவர்களும் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நாள் முழுக்க வீசினாலும் மணிக்கட்டு வலிக்காது. எடை குறைந்த நூல் தண்ணீரில் பூப்போல விழும். சின்ன சலசலப்புக்கே மிரண்டு ஓடும் போன்ஃபிஷ்ஷுக்கு அது தெரியாது. இரண்டு கிலோ மீன் இழுத்தாலே கழி கைப்பிடி வரை வளையும். அந்தச் சுகத்துக்காகத்தான் இத்தனையும்!

கடற்காற்று வலுத்தால் மெல்லிய நூல் வீசியவர் முகத்துக்கே திரும்பி வரும். அது மனிதரின் கஷ்டம், போகட்டும். மீனின் கஷ்டம் வேறு. கழி மெலிந்தால் போராட்டம் நீளும். களைத்துப்போன மீனை விடுவித்தாலும் அது நிலைகொள்ளாமல் பக்கவாட்டில் சரியும். சுறாவும் பாரக்குடாவும் காத்திருப்பது அதற்குத்தான். பஹாமாஸ் தீவுகளில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றி 2007-ல் வெளியான கட்டுரை இதைக் கணக்காகவே சொல்கிறது. விடுவித்தபோது நிலைதடுமாறிய போன்ஃபிஷ்கள், மற்றவற்றைவிட ஆறு மடங்குக்கும் மேல் இரையாகும் அபாயத்தில் இருந்தன. சட்டப்படி விட்டாயிற்று, ஆனால் மீன் பிழைக்கவில்லை என்றால் என்ன பயன்?

அதற்காக மெல்லிய கழியே கூடாது என்பதில்லை. காற்றில்லாத காலை, சின்ன மீன்கள், சுறா நடமாட்டம் இல்லாத இடம் என்றால் 6-ம் எண் போதும். கழியை வானத்தைப் பார்க்க நிமிர்த்திப் பிடித்தால் வளைவது அதன் மெல்லிய நுனிதான். தாழ்த்தி, பக்கவாட்டில் இழுத்தால் அடிப்பகுதியின் முழு பலமும் கிடைக்கும். மீனும் சீக்கிரம் கைக்கு வரும். மற்ற நாள்களில் 8-ம் எண்ணை எடுப்பதே மீனுக்குச் செய்யும் மரியாதை.

முள் நீக்கிய கொக்கியைப் போட்டால், மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்காமலே கழற்றிவிடலாம். கையை நனைத்துக்கொண்டு தொட்டால், மீனின் மேல் இருக்கும் வழவழப்பான பாதுகாப்புப் படலம் உரியாது. பக்கத்தில் சுறாவின் நிழல் தெரிகிறதா? இழுத்துக்கொண்டு நிற்காமல் நூலை அறுத்துவிடுகிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். களைப்பதற்குள் விட்டால்தான் போன்ஃபிஷ்ஷால் சுறாவிடமிருந்து தப்பி ஓட முடியும்.