பாலர் கல்வியும் பிரம்பும்

பாலர்க்கு நல்லொழுக்கம் வேண்டுமென்பதில் அபிப்பிராய பேதமில்லை. "பொய் சொல்லேன்" என்று நூறு முறை எழுதச் செய்தால் அது வருமா என்பதே நமது கேள்வி. பிரம்புக்கு அஞ்சும் பிள்ளை முதலிற் கற்பது பொய்யையே.

1937-ஆம் வருஷம் அக்டோபரில் வார்தாவிற் கூடிய கல்வி மகாநாட்டில் மகாத்மாஜி கைத்தொழிலைக் கல்வியின் நடுவே வைத்தார். ஜாகிர் ஹுஸேன் கமிட்டியின் பாடத்திட்டத்தில் தக்ளி இடம்பெற்றது. தக்ளி பிடித்த சிறுவன் அவசரப்பட்டால் நூல் அறும். அறுந்ததை மறைக்கவொண்ணாது, பொறுமையாக இணைத்தேயாக வேண்டும். பொறுமைக்கும் வாய்மைக்கும் இதனினும் நல்ல பாடம் யாதுளது? தொழில் வருமானம் உபாத்தியாயர் சம்பளத்துக்கு ஈடாகுமென்ற எதிர்பார்ப்பை மட்டும் நாம் ஒப்புவதற்கில்லை. அது அவரைக் கங்காணியாக்கிவிடும்.

2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடுத்தது. பிரம்பைப் பிடுங்கியாயிற்று, வெறுங்கையோடு நிற்கும் உபாத்தியாயருக்குத் தக்ளியையோ, தோட்டத்து மண்வெட்டியையோ சர்க்கார் கொடுக்கட்டும்.