இலித்தியம் (மருந்து)

இலித்தியம் என்னும் தனிமத்தின் உப்புக்கள் உளநோய் மருத்துவத்தில் மனநிலை நிலைப்படுத்தியாகப் பயன்படுத்தப்படுகின்றன. இவற்றுள் பெரிதும் வழக்கில் உள்ளது இலித்தியம் கார்பனேட்டு ஆகும். இருமுனையப் பிறழ்வு எனப்படும் உளநோயில் பித்து நிலையும் சோர்வு நிலையும் மாறி மாறி வருகின்றன. அவற்றைத் தணிக்கவும், மீண்டும் வராமல் தடுக்கவும் இம்மருந்து கொடுக்கப்படுகிறது. உலக நலவாழ்வு அமைப்பின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இது இடம்பெற்றுள்ளது.

இலித்தியம் மலிவானது; நீண்ட காலமாக ஆராயப்பட்டது; பலருக்கு நன்கு பலன் தருவது. எனினும், நோயைத் தணிக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைப்பட்ட வெளி மிகக் குறுகியது. இதனால் குருதிப் பரிசோதனை இன்றி இம்மருந்தைப் பயன்படுத்துதல் கூடாது.

வரலாறு

இலித்தியம் 1817 இல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் யோகான் ஆர்ஃப்வெட்சன் என்பவரால் பெட்டலைட்டு என்ற கனிமத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. கல்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து இப்பெயர் வந்தது. 19 ஆம் நூற்றாண்டில் கீல்வாத நோய்க்கு இதன் உப்புக்கள் கொடுக்கப்பட்டன. டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் லாங்கே 1880களில் திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வுக்கு இதனைப் பயன்படுத்தினார். ஆனால் அம்முயற்சி பின்னர் மறக்கப்பட்டது. 1929 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த செவன் அப் குளிர்பானத்திலும் தொடக்கத்தில் இலித்தியம் சிட்ரேட்டு சேர்க்கப்பட்டிருந்தது. 1948 இல் அது நீக்கப்பட்டது.

இன்றைய பயன்பாட்டின் தொடக்கம் ஆசுத்திரேலிய மருத்துவர் சான் கேட் என்பவருடையது. இரண்டாம் உலகப்போரில் சப்பானியரிடம் பிடிபட்டுச் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்றாண்டுகளுக்கு மேல் சிறையிருந்தவர் இவர். போருக்குப் பின் மெல்பேர்ண் நகரில் பந்தூரா மனநல மருத்துவமனையில் பணியாற்றினார். பித்து நிலையில் உள்ளோரின் உடலில் ஏதோ ஒரு நச்சுப்பொருள் உருவாகிச் சிறுநீரில் வெளியேறுகிறது என்பது அவரது ஊகம். அதனைச் சோதிக்கச் சிறுநீரைக் கினிப் பன்றிகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார். யூரிக் அமிலம் நீரில் எளிதில் கரையாது என்பதால், நன்கு கரையும் இலித்தியம் யூரேட்டைப் பயன்படுத்தினார். அதன் நச்சுத்தன்மை எதிர்பார்த்ததை விடக் குறைவாக இருந்தது. பின்னர் இலித்தியம் கார்பனேட்டை மட்டும் செலுத்தியபோது விலங்குகள் அமைதியாகக் கிடந்தன. அவ்வமைதி நச்சுப்பாட்டின் தொடக்கமாகவும் இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தார் கருதினர். ஊகம் தவறானது, ஆனால் அது காட்டிய வழி சரியாக அமைந்தது.

கேட் முதலில் தாமே அவ்வுப்பை உட்கொண்டு பார்த்தார். பின்னர் பித்து நிலையில் இருந்த பத்து நோயாளிகளுக்குக் கொடுத்து, அதன் நற்பயனை 1949 இல் வெளியிட்டார். முதல் நோயாளி பல ஆண்டுகள் ஓயாத பித்து நிலையில் இருந்தவர். அவர் சில வாரங்களில் தெளிந்து, வீடு திரும்பி, வேலைக்கும் சென்றார். ஆனால் மருந்தை நிறுத்தியதும் நோய் மீண்டது. மீண்டும் தொடங்கிய பின் 1950 இல் இலித்திய நச்சுப்பாட்டால் அவர் இறந்தார். அக்காலத்தில் குருதியில் இலித்தியத்தின் அளவை அறியும் முறை மருத்துவமனைகளில் இல்லை. இம்மருந்தின் பயனும் ஆபத்தும் இந்த ஒருவரின் வரலாற்றிலேயே வெளிப்பட்டன.

அதே 1949 இல் அமெரிக்காவில், இதய நோயாளிகளுக்குச் சமையல் உப்புக்கு மாற்றாக விற்கப்பட்ட இலித்தியம் குளோரைடு பலரை நஞ்சூட்டியது, சிலர் இறந்தனர். அவ்வுப்பு தடை செய்யப்பட்டது. இதனால் மருத்துவர்கள் இலித்தியத்தை அஞ்சினர். டென்மார்க்கைச் சேர்ந்த மோகன்சு சூ 1954 இல் முறையான ஆய்வு ஒன்றை வெளியிட்டார். தொடர்ந்து 1960களில் பால் பாசுட்ரப் என்பவருடன் இணைந்து, நோய் மீண்டும் வருவதை இலித்தியம் தடுக்கிறது எனக் காட்டினார். குருதியில் அதன் அளவை அறியும் முறையும் பரவியது. 1970 இல் அமெரிக்க அரசு பித்து நிலைக்கு இதனை ஏற்றது.

செயற்படும் முறை

இலித்தியம் எவ்வாறு மனநிலையை நிலைப்படுத்துகிறது என்பது முழுமையாக அறியப்படவில்லை. பெரும்பாலான உளநோய் மருந்துகள் நரம்பணுவின் வெளிப்புறத்தில் உள்ள ஏற்பிகளிலோ கடத்திகளிலோ செயற்படுகின்றன. எடுத்துக்காட்டாக, புளுவொக்செட்டீன் போன்ற மனச்சோர்வு எதிர்ப்பு மருந்துகள் செரோட்டோனின் என்னும் நரம்புக்கடத்தி மீள உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. இலித்தியமோ அணுவின் உள்ளே புகுந்து, செய்தியை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லும் நொதிகளில் செயற்படுகிறது.

இலித்திய அயனி உருவளவில் மக்னீசிய அயனியை ஒத்தது. ஆகவே மக்னீசியத்தைத் துணையாகக் கொண்டு இயங்கும் சில நொதிகளில் அதன் இடத்துக்குப் போட்டியிடுகிறது. அவற்றுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை:

- இனோசிட்டால் மொனோபாசுபட்டேசு: இந்நொதி தடைப்படும்போது அணுவுக்குள் இனோசிட்டால் குறைகிறது. மிகையாகத் தூண்டப்பட்ட நரம்பணுக்களில் செய்திப் பரிமாற்றம் இதனால் தணிகிறது எனக் கருதப்படுகிறது.
- கிளைக்கோசன் சிந்தேசு கைனேசு-3: இது நரம்பணுவின் வளர்ச்சி, உயிர்வாழ்வு, உடலின் நாள்சுழற்சி ஆகியவற்றோடு தொடர்புடையது. இது தடைப்படுவதால் நரம்பணுக்கள் பாதுகாப்புப் பெறுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

இம்மாற்றங்கள் மெதுவாகவே நிகழ்கின்றன. பித்து நிலை தணிய ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை ஆகலாம். அதுவரை விரைந்து செயற்படும் வேறு மருந்துகள் சேர்த்துக் கொடுக்கப்படுவதுண்டு.

உடலில் இலித்தியம்

இலித்தியம் கல்லீரலில் சிதைவதில்லை. குருதிப் புரதங்களோடு பிணைவதும் இல்லை. ஏறத்தாழ முழுவதும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. இதன் அரைவாழ்வு இளையோரில் ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். முதியோரிலும் சிறுநீரகக் குறைபாடு உள்ளோரிலும் இது நீளும்.

சிறுநீரகம் இலித்தியத்தையும் சோடியத்தையும் ஒரே வகையில் கையாள்கிறது. இம்மருந்தின் ஆபத்துக்களைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல். உடலில் சோடியமும் நீரும் குறையும்போது சிறுநீரகம் சோடியத்தை மிகுதியாக மீள உறிஞ்சுகிறது. அப்போது இலித்தியமும் சேர்ந்தே உறிஞ்சப்படுகிறது. ஆகவே வாந்தி, பேதி, காய்ச்சல், கடும் வியர்வை, திடீரென உப்பைக் குறைத்தல், நீரருந்தா நோன்பு ஆகியவற்றின்போது, வழக்கமான மாத்திரையை உட்கொண்டாலும் குருதியில் இலித்தியம் கூடிவிடும். வெப்பநாடுகளில் கோடைக்காலத்தில் இது சிறப்பாகக் கவனிக்கத்தக்கது.

குருதியில் அளவு

கடைசியாக மருந்து உட்கொண்ட 12 மணி நேரத்துக்குப் பின் குருதி எடுக்கப்பட வேண்டும். மருந்தைத் தொடங்கியோ அளவை மாற்றியோ ஐந்து முதல் ஏழு நாட்கள் கழித்து இச்சோதனை செய்யப்படும். பொதுவாகக் கொள்ளப்படும் அளவுகள் வருமாறு (ஒரு லிட்டருக்கு மில்லிமோல்):

- 0.6 – 0.8: நோய் மீளாமல் தடுக்கப் பெரும்பாலோர்க்குப் போதுமானது.
- 0.8 – 1.0: கடும் பித்து நிலையில் தேவைப்படலாம்.
- 1.5 க்கு மேல்: நச்சுப்பாட்டின் அறிகுறிகள் தோன்றக்கூடும்.
- 2.0 க்கு மேல்: உயிருக்கு ஆபத்து ஏற்படலாம்.

முதியோரில் இதைவிடக் குறைந்த அளவிலேயே நச்சுப்பாடு தோன்றுவதுண்டு. ஆகவே எண்ணை மட்டும் பாராமல் நோயாளியின் நிலையையும் பார்க்க வேண்டும்.

பக்க விளைவுகள்

தொடக்கத்தில் குமட்டல், இளகிய மலம், வாயில் உலோகச் சுவை, மிகு தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், கைகளில் மெல்லிய நடுக்கம் ஆகியன தோன்றலாம். இவற்றுள் சில நாளடைவில் குறைந்துவிடும். உடல் எடை கூடுதலும், முகப்பரு, சொரியாசிசு போன்ற தோல் நோய்கள் மிகுதலும் உண்டு. எண்ணங்கள் மந்தமாகிவிட்டதாகச் சிலர் உணர்கின்றனர். மருந்தை அவர்கள் தாமாகவே நிறுத்திவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீண்ட காலப் பயன்பாட்டில் மூன்று உறுப்புக்கள் பாதிக்கப்படலாம்:

- தைராய்டு சுரப்பி: இதன் சுரப்பு குறைகிறது. பெண்களில் இது மிகுதி. சோர்வும் எடை கூடுதலும் இதன் அறிகுறிகள் என்பதால், மனச்சோர்வு திரும்பிவிட்டதாகத் தவறாக எண்ண வாய்ப்புண்டு. தைராக்சின் மாத்திரையால் இதனைச் சரிசெய்யலாம். இலித்தியத்தை நிறுத்த வேண்டியதில்லை.
- துணைத் தைராய்டு சுரப்பி: இது மிகையாகச் சுரப்பதால் குருதியில் கால்சியம் கூடுகிறது.
- சிறுநீரகம்: சிறுநீரைச் செறிவாக்கும் திறன் குறைகிறது. பல ஆண்டுகள் உட்கொண்ட சிலரில் சிறுநீரகச் செயற்பாடும் படிப்படியாகக் குறைகிறது.

இதன் காரணமாகச் சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் ஆகியவற்றுக்கான சோதனைகள் மருந்தைத் தொடங்குமுன்னும், பின்னர் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும் செய்யப்படுகின்றன.

நச்சுப்பாடு

மெல்லிய நடுக்கம் பெரும் நடுக்கமாக மாறுதல், நடை தள்ளாடுதல், பேச்சுக் குழறுதல், தொடர் வாந்தி, பேதி, மிகு உறக்கம், குழப்பம் ஆகியன எச்சரிக்கை அறிகுறிகள். இவை தோன்றின் அடுத்த மாத்திரையை உட்கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கவனியாது விட்டால் வலிப்பு, நினைவிழப்பு, இறப்பு ஏற்படலாம். பிழைத்தோரில் சிலருக்குச் சிறுமூளைப் பாதிப்பு நிலைத்துவிடுகிறது.

இதற்கு முறிமருந்து இல்லை. பல நச்சுக்களை உறிஞ்சும் கரித்தூள் இலித்தியத்தை உறிஞ்சுவதில்லை. சிரைவழி உப்புநீர் ஏற்றப்படும். கடுமையான நிலையில் குருதிக் கூழ்மப்பிரிப்பு மூலம் இலித்தியம் நீக்கப்படும்.

பிற மருந்துகளுடன் இடைவினைகள்

- வலிநிவாரணிகள்: இபுப்ரோஃபென், டைக்குளோபெனாக், நப்ரொக்சன் போன்றவை சிறுநீரகத்தில் இலித்தியம் வெளியேறுவதைக் குறைக்கின்றன. மருந்துச்சீட்டு இன்றியே வாங்கி உண்ணப்படுவதால் இவை மிகவும் கவனிக்கத்தக்கவை. பாராசிட்டமோல் இத்தகைய விளைவு உடையதன்று.
- தையசைடு வகைச் சிறுநீர்பெருக்கிகள்: சோடியத்தை வெளியேற்றுவதால் இலித்தியம் மீள உறிஞ்சப்படுகிறது. குருதியில் அதன் அளவு 25 முதல் 40 விழுக்காடு வரை உயரலாம்.
- குருதி அழுத்த மருந்துகள்: எனாலப்பிரில், லோசார்ட்டன் போன்றவையும் அளவைக் கூட்டுகின்றன. இவ்விளைவு சில வாரங்கள் கழித்தும் தோன்றலாம்.
- காப்பி, தேநீர்: இவற்றில் உள்ள காஃபீன் இலித்தியத்தை வெளியேற்றுகிறது. நாள்தோறும் மிகுதியாகக் காப்பி அருந்துவோர் திடீரென நிறுத்தினால் இலித்திய அளவு உயரும்.
- மனச்சோர்வு எதிர்ப்பு மருந்துகள்: இவை மட்டும் போதாதபோது இலித்தியம் துணையாகச் சேர்க்கப்படுவதுண்டு. எனினும் அரிதாகச் செரோட்டோனின் நோய்க்குறித்தொகுப்பு உண்டாகலாம். பதற்றம், வியர்வை, காய்ச்சல், தசை இறுக்கம் ஆகியன அதன் அறிகுறிகள். மேலும், இருமுனையப் பிறழ்வு உள்ளோருக்கு மனச்சோர்வு எதிர்ப்பு மருந்தைத் தனியாகக் கொடுத்தால் பித்து நிலை தூண்டப்படலாம். ஆகவே மனச்சோர்வுடன் வருவோரிடம் முன்பு எப்போதாவது பித்து நிலை இருந்ததா என வினவுவது முக்கியம்.

பிற மனநிலை நிலைப்படுத்திகள்

வால்ப்புரோயேட்டு, கார்பமசெப்பின், லாமோட்ரிசின் ஆகிய வலிப்பு எதிர்ப்பு மருந்துகளும் மனநிலை நிலைப்படுத்திகளாகப் பயன்படுகின்றன. வால்ப்புரோயேட்டு கருவில் உள்ள குழந்தைக்குப் பெருந்தீங்கு செய்யும். கார்பமசெப்பின் கல்லீரல் நொதிகளைத் தூண்டுவதால் கருத்தடை மாத்திரைகள் பயனற்றுப் போகலாம். லாமோட்ரிசின் அரிதாக உயிரைப் பறிக்கும் தோல் நோயை உண்டாக்கும். வால்ப்புரோயேட்டுடன் சேர்க்கும்போது அதன் அளவு குருதியில் ஏறத்தாழ இருமடங்காவதால் பாதி அளவே கொடுக்கப்படுகிறது. நோய் மீள்வதைத் தடுப்பதில் வால்ப்புரோயேட்டைத் தனியாகக் கொடுப்பதை விட இலித்தியம் சிறந்தது என 2010 இல் வெளியான பேலன்சு ஆய்வு காட்டியது.

கருவுற்ற காலம்

முதல் மூன்று மாதங்களில் இலித்தியம் உட்கொண்டால் குழந்தைக்கு இதயக் குறைபாடு ஏற்படும் வாய்ப்புச் சற்று கூடுகிறது. முன்பு எண்ணப்பட்டதைவிட இவ்வாய்ப்புக் குறைவு என்றும், மருந்தின் அளவு கூடக் கூட அது மிகும் என்றும் 2017 இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு கண்டது. மருந்தை நிறுத்தினால் தாய்க்கு நோய் மீளும் ஆபத்து உண்டு; மகப்பேற்றுக்குப் பின் அது மேலும் மிகுதி. எனவே இரண்டையும் சீர்தூக்கி, கருவுறுமுன்னரே மருத்துவருடன் கலந்து முடிவெடுப்பது நன்று.

தற்கொலைத் தடுப்பும் மருந்தை நிறுத்துதலும்

மனநிலைப் பிறழ்வு உள்ளோரில் இலித்தியம் தற்கொலையைக் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2013 இல் வெளியான பகுப்பாய்வு தெரிவித்தது. 2021 இல் வெளியான அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் மீதான ஆய்வு அத்தகைய பயனைக் காணவில்லை. எனவே இது இன்னும் ஆராயப்படும் கேள்வியாகவே உள்ளது.

மருந்தைத் திடீரென நிறுத்துவது குறித்து ஐயம் இல்லை. அவ்வாறு நிறுத்தியோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ பித்து நிலை திரும்பும் வாய்ப்பு மிகுதி. நலமாக உணர்வதே பலர் மருந்தை நிறுத்தக் காரணமாகிறது. ஆனால் அந்நலம் பெரும்பாலும் மருந்தினால் வந்ததாகும். நிறுத்த வேண்டிய தேவை ஏற்பட்டால், மருத்துவரின் மேற்பார்வையில் குறைந்தது நான்கு வாரங்களில், இயன்றால் மூன்று மாதங்களில், படிப்படியாகக் குறைக்க வேண்டும்.